ஊக்கம் பெற்ற மெழுகுதிரி

சூசைமுத்துவுக்கு வேண்டியிருந்தது ஒரு மூட்டை மெழுகு. அதற்கு மேல் அவன் அரசாங்கத்திடம் எதுவும் கேட்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரிகள் எல்லோரிடமும் இதையேதான் சொன்னான். அவர்கள் அதை அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவன் மெழுகுதிரி செய்து வந்தான். உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். வளையத்தைச் சுற்றித் திரிநூல்கள் தொங்கும். உருகின மெழுகை அகப்பையில் மொண்டு ஒவ்வொரு நூலின் மேலும் ஊற்றி, வளையத்தைத் திருப்பிவிட வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் முதல் நூலில் மெழுகு காய்ந்திருக்கும். மறுபடி ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் தொழில். சூசைமுத்து கல்லூரியில் படித்தவன். வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம். அன்னாளைக் கட்டிக்கொண்டான், அவளோடு அவள் அப்பாவின் கொட்டகையும் வந்தது. அவன் ஊற்றுவான், அவள் வளையத்தைத் திருப்புவாள். பேகம்பூரிலிருந்து ரம்ஜான் பீவி திரிநூல் முறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பாள்.

வருஷத்தில் ஒரு நாள் வியாபாரம்தான் வியாபாரம். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் ஊரிலுள்ள கத்தோலிக்கர்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் செத்தவர்கள் தலைமாட்டில் திரி ஏற்றுவார்கள். சிலுவையடியில் மெழுகு ஒழுகிக் கிடக்கும். ஒழுகின மெழுகு பொறுக்கினவனுக்குச் சொந்தம் என்பது அங்கே பழைய வழக்கம். மறுநாள் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து சூசைமுத்துவிடமே விற்பார்கள். அவன் உருக்கி அடுத்த திரிக்கு வைத்துக்கொள்வான்.

அன்னாளுக்கு இதில் இரண்டு சட்டங்கள் இருந்தன. விற்பனைக்கு ஊற்றுவதற்கு முன்னால், தன் அப்பா அம்மா கல்லறைக்கு ஒரு தடித்த திரி ஊற்றியாக வேண்டும். "காசு குடுக்காதவுகளுக்கு மொதல்ல" என்பாள். இரண்டாவது, இரவல் திரி ஏற்றக் கூடாது. கடையில் வாங்கினதும் கூடாது. நம்ம செத்தவங்களுக்கு நம்ம கை செஞ்ச திரி.

அந்த வருஷம் தவக்காலத்தில் அன்னாள் காய்ச்சலில் போய்விட்டாள். சூசைமுத்து அழவில்லை. அழுவான் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உறவுக்காரர்கள் பஸ் ஏறினார்கள். அதற்குப் பிறகு அவன் அதிகம் யோசிக்கவும் இல்லை. யோசித்தது ஒன்றைப் பற்றி மட்டும்: நவம்பரில் ஊற்ற வேண்டிய தடித்த திரி. இந்த வருஷம் அது அவளுக்கு.

மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியிருந்த நேரம். மதுரையில் மெழுகு வியாபாரி கையை விரித்துவிட்டார். "இனிமே பர்மிட்டு இருந்தாத்தான் மெழுகு. உங்க ஊர்லயே தொழில் ஊக்க அலுவலகம்னு ஒண்ணு தொறந்திருக்காகளாம்ல, அங்க போய்க் கேளுங்க."

தொழில் ஊக்க அலுவலகம் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது. கிடங்கைக் காலி செய்தார்கள். புகையிலை நெடி மட்டும் காலியாகவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் தும்மிக்கொண்டே வேலை பார்த்தார்கள். கையெழுத்துகள் எல்லாம் கடைசி எழுத்தில் கொஞ்சம் மேலே எகிறியிருக்கும்.

ஊக்க அலுவலர் வேலுசாமி ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். அவ்வளவு மரியாதையான மனிதரைச் சூசைமுத்து அதற்கு முன் பார்த்ததில்லை.

"உக்காருங்க. ஏனுங்க நிக்கறீங்க? இந்த ஆபீசுல யாரையும் நிக்க வெக்கிறதில்லைங்க."

சூசைமுத்து சுற்றிப் பார்த்தான். வந்தவர்களுக்கு நாற்காலி இல்லை. அதற்கான அனுமதி மதுரையில் இருந்தது. நின்றுகொண்டே சொன்னான்.

"ஒரு மூட்டை மெழுகு வேணும் சார். அதுக்கு பர்மிட்டு."

"ஒரு மூட்டையா?" வேலுசாமி வருத்தப்பட்டார். "சின்னதாக் கேக்கறீங்களே. பெருசாக் கேளுங்க. சின்னதாக் கேட்டாக் குடுக்கறதுக்கு எங்ககிட்ட வழியே இல்லைங்க."

"எனக்கு அம்புட்டுத்தான் சார் வேணும்."

"மெழுகு, தொழில் நிலையத்துக்குத்தானுங்க தருவோம். மெஷின் இருந்தாத்தான் அது நிலையம். கையில ஊத்துனா நீங்க கைவினைஞருங்க. கைவினைஞருக்குத் தேன்மெழுகு தருவாங்க, அது வேற இலாகா."

"தேன்மெழுகு எனக்குத் தோதுப்படாது சார்."

"அவங்ககிட்டயும் இல்லைங்க." வேலுசாமி தும்மினார். மேஜை மேல் இருந்த தாள்கள் ஒரு முறை எழுந்து படுத்தன. "மெஷினும் நாங்களே தவணையில தாரோம். உங்களை ஒசத்தத்தானுங்க நாங்க இருக்கறோம். பேரென்னங்க சொன்னீங்க?"

பெயரைச் சொன்னான். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, அவன் செய்த தப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

குமாஸ்தா பாக்கியராஜ் அவனுக்குத் தெரிந்தவர்தான். அதே மாதா கோயில் பங்கு, அதே பூசை. மாடிப்படியில் கூடவே இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏன்ப்பா சூசை, யாரைக் கேட்டு மாடி ஏறுன? இந்த வருசத்துக்குள்ள ஒரு மாதிரி நிலையம் காட்டியாகணும்னு மேல இருந்து உத்தரவு. பூட்டுப் பட்டறைக்காரங்க ஒருத்தன் ஏற மாட்டேங்குறான். தோல் ஷாப்புக்காரங்க எங்களைக் கண்டாலே வேற தெருவுல போறாங்க. நீயா வந்து ஏறிட்ட."

"அப்ப எறங்கிடுறேன்ணே."

"பேரை எழுதிட்டாருப்பா."

*

மெஷின் தருவதற்கு முன், அவனுக்கு மெழுகுதிரி செய்யத் தெரியுமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். கொட்டகையில் மீதமிருந்த மெழுகில் சூசைமுத்து ஊற்றிக் காட்டினான். அவர்கள் வளையம் சுற்றுவதை வாய் பார்த்தார்கள். ஒருவர், இது மின்சாரத்திலா ஓடுகிறது என்று கேட்டார். இல்லை, கையால் என்றான். அவர் அதைக் குறையாகக் குறித்துக்கொண்டார்.

செய்த திரிகளை மாதிரி என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். சூடான அரக்கு பட்டதும் திரிகள் இடுப்பில் இளகி வளைந்தன. வளைந்த நிலையிலேயே சென்னைக்கு, சோதனைச் சாலைக்குப் போயின.

சோதனைச் சாலையிலிருந்து வந்த கடிதத்தை வேலுசாமி அவனுக்கு வாசித்துக் காட்டினார்.

"அனுப்பப்பட்ட மாதிரிகள் எரித்துச் சோதிக்கப்பட்டன. நன்கு எரிந்தன. எரிந்தபின் மாதிரிகள் எஞ்சவில்லை. மாதிரி இல்லாத நிலையில் அறிக்கை தர இயலாது. ஆகவே புதிய மாதிரி அனுப்பவும். எரிந்த மாதிரிகளும் எரிந்துகொண்டிருக்கும் மாதிரிகளும் ஏற்கப்பட மாட்டா."

"எரியுற திரியைத் தபால்ல யாரு சார் அனுப்புவா?"

"யாராச்சும் அனுப்பியிருப்பாங்க. அனுபவம் இல்லாம அரசாங்கம் விதி போடாதுங்க."

மறுபடி மாதிரி செய்து அனுப்பியதில் மெழுகு தீர்ந்துபோனது. பாத்திரத்தின் அடியிலும் அகப்பையின் காம்பிலும் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வழித்து உருக்கியபோது, ஒரே ஒரு தடித்த திரிக்குக் காணும் போலிருந்தது. சூசைமுத்து ஊற்றினான். வளையத்தைத் திருப்ப ஆள் இல்லாததால் ஊற்றிவிட்டுத் தானே போய்த் திருப்பினான். ஒற்றைத் திரிக்கு வளையத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை என்பது பாதியில்தான் உறைத்தது. இருந்தும் திருப்பினான். காய்ந்ததும் திரியைச் சுவர் மாடத்தில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தான்.

வைத்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த வாரம் வளையத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். ஒரே நிலையத்தில் இரண்டு விதமான உற்பத்தி முறை இருப்பது திட்டத்துக்கு விரோதமாம். வளையத்தை உத்தரத்தோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி, சங்கிலிக்கு ஒரு பூட்டுப் போட்டு, பூட்டை ஒரு துணியில் சுற்றி, துணிக்கு அரக்கு வைத்தார்கள். திண்டுக்கல் பூட்டுதான். அதுவரையில் அந்த அலுவலகம் ஊர்த் தொழிலுக்குச் செய்த ஒரே உதவி அந்தப் பூட்டை வாங்கியதுதான்.

திரி முறுக்கிக் கொண்டுவந்த ரம்ஜான் பீவி, வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னா தம்பி, வளையத்துக்கு வெலங்கு மாட்டியிருக்காக? என்னா களவாண்டுச்சு?"

"மெஷினு வருதுக்கா. அதுவரைக்கும் கையில ஊத்தக் கூடாதாம்."

"மெஷினு எப்ப வரும்?"

"வரும்."

"திருநாளு?"

"அதுவும் வரும்."

அவள் திரிக்கட்டைக் கீழே வைத்தாள். "உன்னைய ஒசத்துறோம்னு சொன்னாகளே, இப்படி உத்தரத்துலதான் தொங்க விடுவாகளோ. அன்னாளு இருந்திருந்தா அந்த ஆபீசரை அகப்பையைக் கொண்டே அனுப்பியிருப்பா."

சூசைமுத்து திரிக்கட்டை எடுத்து மூலையில் வைத்தான். அங்கே ஏற்கெனவே போன மாதத்துக் கட்டு இருந்தது.

*

மெஷின் வந்தது. வருவதற்கு முன்னால் கொட்டகையின் தென்புறம் ஒரு ஜன்னல் வெட்டச் சொன்னார்கள். காற்றோட்ட விதி. வெட்டின பிறகு வந்த வேறோர் அதிகாரி, தூசி விதிப்படி அதை அடைக்கச் சொன்னார். சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். அரசின் மாதிரி மெழுகுதிரி நிலையம் என்று ஒரு பலகை வந்தது. கொட்டகையை விட அகலம். கொட்டகை தாங்காது என்று இரண்டு பக்கமும் பனங்கம்பு நட்டு அதன் மேல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு தெருவிலிருந்து பார்த்தால் கொட்டகை தெரியாது.

மெஷின் வார்ப்பிரும்பு. நான்கு கால்கள், நடுவில் தொட்டி, தொட்டிக்குள் வரிசையாகக் குழல்கள். குழல்களில் மெழுகை ஊற்றி, தொட்டியில் குளிர்ந்த தண்ணீரை விட்டு, கைப்பிடியைச் சுற்றினால் திரிகள் மேலே எழும்பி வரும். பொருத்த வந்த மெக்கானிக் சென்னைக்காரர். சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"தண்ணி ஓடிக்கினே இருக்கணும். குழாய் எங்க?"

சூசைமுத்து சிரித்துவிட்டான். அன்னாள் போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான். திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டார்கள். குடம் பிடிக்கப் போவார்கள். குடிக்கிற தண்ணீருக்கே வண்டிக்காரனை எதிர்பார்த்து நிற்கிற ஊர். அந்தச் சென்னைக்காரருக்குக் காரணம் புரியவில்லை. அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு ரயிலேறினார்.

சூசைமுத்து மறுபடி மாடி ஏறினான்.

"சார், எனக்கு இந்தத் திட்டம் வேண்டாம். மெஷினை எடுத்துக்கங்க. வளையத்தை மட்டும் அவுத்து விட்டுருங்க. மெழுகுக்கு நான் வேற வழி பாத்துக்குறேன்."

வேலுசாமி எழுந்தே விட்டார். அவர் முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது.

"ஏனுங்க, நாங்க ஏதாச்சும் மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டமுங்களா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"விலகுறதுக்கு வழி இருக்குதுங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா நிலையம் இன்னும் தொடங்கவே இல்லைங்களே. தொடங்காத தொழிலை எப்படிங்க மூடறது? மொதல்ல தொடங்குங்க. தொடங்குன மறுநாளே நொடிச்சுப் போங்க. நொடிச்ச தொழிலுக்குன்னு தனியா ஒரு உதவித் திட்டம் இருக்குதுங்க. அதுக்கும் நாந்தான் அலுவலர்."

"அப்ப இப்பவே தொடங்குறேன் சார். மெழுகு குடுங்க."

"திறப்பு விழா இல்லாம எப்படிங்க?"

மெழுகும் வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டும். அவன் கேட்ட அதே ஒரு மூட்டை, அசல் மெழுகு, ரயிலில் வந்து இறங்கி, கொட்டகையின் நடுவில் உட்கார்ந்தது. வாயில் ஈயச் சீல். விழாவுக்குத் தலைமை தாங்க வரும் இலாகாவின் துணை இயக்குநர்தான் அதைப் பிரிக்க வேண்டும். சூசைமுத்து தினமும் அதைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்பு மூட்டினான். சோறு பொங்க.

பங்குச் சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார்: திருநாளுக்குத் திரி உண்டா? இல்லை என்று சொல்லி அனுப்பினான். மதுரையிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரி லாரியில் வந்து இறங்கியது. பஸ் ஸ்டாண்டில் கடலை விற்கிறவன்கூடத் திரி விற்றான்.

துணை இயக்குநரின் தேதிக்காகக் காத்திருந்தார்கள். புரட்டாசியில் ஒரு தேதி சொன்னார்கள். அவருக்கு டெல்லியில் கூட்டம். தீபாவளிக்கு முன்னால் என்றார்கள், அவருக்கு வயிறு. கடைசியில் வேலுசாமி மூச்சு வாங்கக் கொட்டகைக்கே வந்தார்.

"கிடைச்சிருச்சுங்க. நவம்பர் ரெண்டு. சாயங்காலம் நாலு மணி."

"அன்னைக்குக் கல்லறைத் திருநாள் சார்."

"அப்படிங்களா? ரொம்ப நல்லதாப் போச்சுங்க. மெழுகுதிரிக்குப் பொருத்தமான நாளு."

"நான் கல்லறைக்குப் போகணும்."

"போகலாமுங்க. கல்லறை எங்கீங்க போயிரும்?"

*

விழா நாள் காலையில் மெஷினை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று வேலுசாமிக்குப் பயம் வந்துவிட்டது. தலைமை விருந்தினருக்குத் தெரியாமல், மூட்டையின் அடித் தையலை ஓர் ஓரத்தில் பிரித்துக் கொஞ்சம் மெழுகு எடுக்க அவரே அனுமதி கொடுத்தார். தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாயில் வந்திருந்தது. ஆனால் அதில் ஒரு பங்கு புழுதி அடங்க வாசலில் தெளிக்கப்பட்டது. ஒரு பங்கு காபிக்கு. பலகையைக் கழுவினார்கள். மிச்சம் தொட்டியின் கணுக்கால் வரைக்கும் வந்தது.

சூசைமுத்து மெழுகை ஊற்றினான். பொறுத்திருந்து கைப்பிடியைச் சுற்றினான். திரிகள் வரவில்லை. ஒரு நூலைப் பிடித்து இழுத்தான். நூல் மட்டும் வந்தது.

"சூடு ஆறலை சார். தண்ணி போதாது."

"சாயங்காலத்துக்குள்ள ஆறுமுங்களா?"

"தை மாசம் ஆறும்."

வேலுசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வாளிகளைத் தூக்கிப் பார்த்தார். திரிக்கட்டுகளைப் புரட்டினார். பிறகு மாடத்தருகே நின்றார். மாதா படம் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது.

"ஏனுங்க, இது என்னங்க?"

சூசைமுத்து வேகமாக வந்தான். "அது வேண்டாம் சார். வச்சிருங்க. அது என் பெஞ்சாதிக்கு."

"அற்புதமா இருக்குதுங்களே. முதல் உற்பத்தின்னு மேடையில இதை வெச்சிரலாம். உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நாளைக்கு வேற செஞ்சு குடுத்துக்கலாமுங்க."

"அவ செத்துப் போயிட்டா சார்."

வேலுசாமி திரியைக் கையில் வைத்துக்கொண்டே தலை குனிந்து நின்றார். செத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் குறைவில்லாமல் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அப்ப அவசரம் இல்லைங்களே."

சூசைமுத்து அவர் கையைப் பார்த்தான். பிடுங்கியிருக்கலாம். அவனுக்குக் கை எழவில்லை. அவள் இறந்த அன்று எப்படி நின்றானோ அப்படியே நின்றான்.

*

துணை இயக்குநர் கொடைக்கானலிலிருந்து இறங்கி, வத்தலக்குண்டில் ஒரு கோழிப் பண்ணையைப் பாராட்டிவிட்டு, வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் ஜனங்கள் பூவும் திரியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் அலுவலகத்து ஊழியர்களும், மற்ற அலுவலகங்களிலிருந்து அனுப்பப்பட்ட ஊழியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சூசைமுத்துவுக்கு ஒரு பெரிய சாமந்தி மாலை போட்டு, மேடையில் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மேஜை மேல், ஒரு தாம்பாளத்தில், அன்னாளின் திரி நின்றது.

துணை இயக்குநர் மூட்டையின் சீலைப் பிரித்தார். கை தட்டினார்கள். பிறகு பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நாங்கள் வருவதற்கு முன் இந்த இடத்தில் என்ன இருந்தது? எண்ணிப் பாருங்கள். வெறும் தொழில்தான் இருந்தது. இன்று இங்கே திட்டம் இருக்கிறது! இந்த இளைஞர் ஒரு மூட்டை மெழுகு கேட்டு வந்தவர். கேட்டதைக் கொடுப்பது எளிது. கடைக்காரன்கூடக் கொடுப்பான். கேட்காததைக் கொடுப்பதற்குத்தான் அரசாங்கம் வேண்டும். சிலர் கேட்கிறார்கள், இதனால் எத்தனை மெழுகுதிரி உற்பத்தியாயிற்று என்று. இந்த ஒரு நிலையத்தைக் கண்காணிக்க மட்டும் எத்தனை பேருக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. மக்களுக்கு ஒளி தருவது எங்கள் வேலை அல்ல. ஒளி தருவதற்கான வழிமுறையை..."

அந்த இடத்தில் மின்சாரம் போய்விட்டது.

இருட்டில் ஒலிபெருக்கி ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. யாரும் அசையவில்லை. எதிரில் இருந்தவர்களில் யாரோ சொன்னது கேட்டது: "அந்தத் திரியைப் பொருத்துங்கப்பா. அதுதானே முன்னால நிக்குது."

"கூடாது," என்றார் துணை இயக்குநர். "அது மாதிரி. இன்னும் சோதிக்கப்படவில்லை. எரிந்த மாதிரியைச் சோதனைச் சாலையில் ஏற்க மாட்டார்கள்."

"பெட்ரோமாக்ஸ் வரட்டுமுங்க," என்றது வேலுசாமியின் குரல்.

பெட்ரோமாக்ஸ் வரவில்லை. துணை இயக்குநர் இருட்டிலேயே பேச்சைத் தொடர்ந்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக நடுநடுவே மேஜையைத் தட்டிக்கொண்டார். சூசைமுத்து உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் ஊர் முழுக்க ஒரே கறுப்பு. கல்லறைத் தோட்டம் இருக்கிற திசையில் மட்டும் வானத்தின் அடி மஞ்சளாக இருந்தது.

பேச்சு முடிந்தது. தேசிய கீதம் இருட்டில் பாடப்பட்டது. அரக்கு உருக்கத் தீக்குச்சி கிழித்தபோது ஒரு கணம் எல்லோர் முகமும் தெரிந்தது. அன்னாளின் திரிக்கு முத்திரை வைத்து, காகிதத்தில் சுற்றி, ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் போனது. அதன் பின்விளக்கு தெரு முனையில் திரும்பும் வரை சூசைமுத்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நடந்தான். மாலையைக் கழற்ற மறந்துவிட்டான்.

*

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் பாதி கலைந்திருந்தது. சிலுவைதோறும் திரிகள். மதுரைத் திரிகள், ஒரே உயரம், ஒரே தடிமன். அன்னாள் மேட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. பக்கத்து மேட்டில் நின்ற சகாயசெல்வி, அன்னாளோடு படித்தவள், அவனையும் மாலையையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணே, கல்யாண மாப்பிள்ளை கணக்கா வந்து நிக்கிறீக? திரி எங்க?"

"இல்ல."

"மெழுகுதிரிக்காரருக்கே திரி இல்லையா? இந்தாங்க, எங்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு."

"வேண்டாம் தாயி. இரவல் திரி வச்சா அவ ஏசுவா."

சகாயசெல்விக்கு அது தெரியும். நீட்டின கையை மடக்கிக்கொண்டாள்.

அவன் குனிந்தான். பக்கத்துச் சிலுவையடியில் ஒழுகிக் கிடந்த மெழுகு இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பொறுக்கினான். அடுத்த சிலுவைக்குப் போனான். பொறுக்கினவனுக்குச் சொந்தம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கை கொள்கிற அளவு சேர்ந்ததும் அன்னாள் மேட்டருகே உட்கார்ந்தான். திரிக்கு நூல் வேண்டும். வேட்டியைப் பார்த்தான். அப்போதுதான் கழுத்து உறுத்தியது. மாலையைக் கழற்றினான். சாமந்திகளை ஒவ்வொன்றாக உருவி மேட்டின் மேல் வைத்தான். கையில் நூல் மிஞ்சியது. நல்ல பருத்தி நூல். மூன்றாக மடித்து முறுக்கினான். ரம்ஜான் பீவி அளவுக்கு வராது.

நூலைச் சுற்றி மெழுகை வைத்து உள்ளங்கையில் உருட்டினான். கோணல்மாணலாக, மண் கலந்து, ஒரு திரி வந்தது. சகாயசெல்வியின் திரியில் காட்டிப் பற்றவைத்து நட்டான். பிடித்துக்கொண்டது.

"சூசை! உன்னை எங்கெல்லாம் தேடுறது?"

பாக்கியராஜ். கையிடுக்கில் கோப்பு. அவர் அம்மா நாலு மேடு தள்ளி இருக்கிறாள். அங்கே திரி ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

"ஒரு கையெழுத்துப்பா. உற்பத்தி தொடங்குச்சு, பயனாளிக்குத் திருப்தின்னு. இன்னைக்குத் தேதியில போகணுமாம்."

கோப்பைப் பிரித்துக் குந்தினார். மலைக்கரட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தது. சுடர் படுத்தது. பாக்கியராஜ் சட்டென்று கோப்பைச் செங்குத்தாக நிறுத்தி மறைத்தார். சுடர் நிமிர்ந்தது. பிறகு அவர் திரியைக் கவனித்தார். குமாஸ்தாவின் கண் மெதுவாக அதன் மேல் தங்கியது.

"இது எதுல செஞ்சது?"

"கையில."

"சூசை, நிலையத்துக்கு வெளிய உற்பத்தி பண்ணுனா அதையும் பறிமுதல் பண்ணி மாதிரியாத்தான் அனுப்பணும். எனக்கு எழுதாம இருக்க முடியாது."

"அனுப்புங்கண்ணே. ஆனா எரியுதே."

பாக்கியராஜ் யோசித்தார். சென்னைக் கடிதத்தை அவர்தான் கோப்பில் கட்டியவர்.

"ஆமா," என்றார். "எரிஞ்சுக்கிட்டு இருந்தா எடுக்க மாட்டாங்க." கொஞ்சம் இருந்து சேர்த்தார்: "அணைஞ்சா எழுதிருவேன்ப்பா. என் வேலை அது."

"அணையாது."

சூசைமுத்து அந்த வெளிச்சத்திலேயே கையெழுத்துப் போட்டான். நாளை மாடி ஏற வேண்டும். வளையத்தின் பூட்டுக்கு, மெஷினின் தண்ணீருக்கு, நொடித்துப் போவதற்கான அனுமதிக்கு. அதற்கெல்லாம் நாளை இருந்தது. பாக்கியராஜ் எழுந்திருக்கப் பார்த்தார். கோப்பு விலகியதும் சுடர் மறுபடி படுத்தது.

"செத்த நேரம் அப்படியே புடிங்கண்ணே."

பாக்கியராஜ் பிடித்தார். சூசைமுத்து தோட்டத்தைச் சுற்றி வந்து இன்னும் கொஞ்சம் மெழுகு பொறுக்கினான். உள்ளங்கையில் இளக்கி, எரிகிற திரியின் சுடரடியில் அப்பிக்கொண்டே இருந்தான். மற்ற மேடுகளில் திரிகள் ஒவ்வொன்றாக அடங்கின. எரிகிற வரைக்கும் அது அரசாங்கத்துடையது இல்லை. அணையாமல் பார்த்துக்கொண்டான்.